குழலும் இல்லை, விசையும் இல்லை... ஆனாலும் அது துப்பாக்கிதான்! - பாதியில் நின்ற ரிவால்வர் ஃப்ரேம்களைத் தேடும் உலகம்

தீபாவளி நெருங்கினால் அலங்காநல்லூர் கடைத்தெருவில் பொம்மைத் துப்பாக்கிகள் தோரணமாகத் தொங்கும். பொடிசுகள் முதலில் கை நீட்டுவது ரிங் கேப் போடும் ரிவால்வருக்குத்தான். சிவப்பு நிற பிளாஸ்டிக் வளையத்தில் எட்டு மருந்துப் பொட்டுகள். விசையை ஒருமுறை இழுத்தால் வளையம் ஒரு கட்டம் நகரும், 'டப்' என்று ஒரு சத்தம். மறுபடி இழுத்தால் அடுத்த பொட்டு.

தீபாவளி முடிந்து பத்து நாளில் அந்தத் துப்பாக்கியின் கதி என்ன? குழல் உடைந்திருக்கும், ஸ்பிரிங் காணாமல் போயிருக்கும், வளையம் மாட்டும் உருளை எங்காவது சாக்கடையில் கிடக்கும். கடைசியில் கையில் மிஞ்சுவது, நடுவே ஜன்னல் போல ஓட்டை விழுந்த வெற்றுக் கூடு மட்டும். அதைத்தான் ஃப்ரேம் என்கிறார்கள். நம் வீட்டில் அது குப்பைக்குப் போகும். நிஜ ரிவால்வரின் ஃப்ரேமாக இருந்தால், அதுவும் தொழிற்சாலையில் பாதி வேலையோடு நின்றுபோன ஒன்றாகவோ, சோதனைக்காகச் செய்த முதல் மாதிரியாகவோ இருந்தால், அதற்காகவே அலையும் சேகரிப்பாளர்கள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள்.

அதே இரும்புத் துண்டு நம் ஊரில் பழைய டிரங்குப் பெட்டியிலிருந்து வெளியே வந்தால்? அப்போது நிலைமையே வேறு.

ரிவால்வரின் முதுகெலும்பு

ரிவால்வரில் பாகங்கள் பல இருந்தாலும் எல்லாவற்றையும் தாங்கி நிற்பது ஃப்ரேம்தான். முன்பக்கம் குழல் திருகப்படும். நடுவில் உள்ள சதுர ஜன்னலில் தோட்டாக்கள் நிரம்பிய சிலிண்டர் சுழலும். பின்பக்கம் அடிக்கும் சுத்தியல், கீழே விசை, அதற்கும் கீழே கைப்பிடி. குழலை மாற்றலாம், சிலிண்டரை மாற்றலாம், கைப்பிடிக் கட்டையை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். ஃப்ரேமை மாற்றினால் அது வேறு துப்பாக்கி. பல தயாரிப்புகளில் வரிசை எண்ணை ஃப்ரேமில் பொறிப்பதற்கும் இதுதான் காரணம். மோட்டார் சைக்கிளுக்கு சேஸிஸ் எண் எப்படியோ, துப்பாக்கிக்கு இது அப்படி.

பழைய தொழிற்சாலைகளில் ஃப்ரேம் பிறந்த விதம் நம் ஊர்ப் பட்டறைக்காரர்களுக்கு எளிதில் புரியும். பழுக்கக் காய்ச்சிய எஃகுத் துண்டை அச்சுகளுக்கு நடுவே வைத்து, கனத்த சம்மட்டி இயந்திரத்தால் அடிப்பார்கள். ஓரத்தில் பிதுங்கும் உலோகத்தைச் சீவி எடுப்பார்கள். பிறகு கடைசல், துளையிடல், மரையிடல், அரம் போடுதல் என்று வரிசையாக வேலைகள். கடைசியில் மெருகேற்றி, நீலம் பாய்ச்சி, எண்ணும் முத்திரையும் குத்துவார்கள். முழுமையான துப்பாக்கியில் அரத்தின் கீறலோ, கருவியின் தடமோ, தவறாகப் போட்டு அடைத்த துளையோ கண்ணுக்குத் தெரியாது. எல்லாம் மெருகின் அடியில் போய்விடும்.

பாதியில் நின்ற ஃப்ரேமில் எல்லாமே அப்படியே இருக்கும். எந்த வேலை முதலில், எது அடுத்து என்பதைப் பார்த்தே சொல்லிவிடலாம். மதுரை புதுமண்டபத்துக்குக் கிழக்கே திருமலை நாயக்கர் தொடங்கி, முடியாமலே நின்றுபோன ராயகோபுரத்தைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். முழுதாக எழுந்து நிற்கும் கோபுரத்தில் அண்ணாந்து சிற்பங்களை ரசிக்கிறோம். நின்றுபோன கோபுரத்தில்தான் கல்லை எப்படி அடுக்கினார்கள், தூண்களை எங்கிருந்து எழுப்பினார்கள் என்று அருகில் போய்ப் பார்க்க முடிகிறது. முடியாத வேலைதான் வேலைக்காரனின் கையைக் காட்டிக்கொடுக்கிறது.

முதல் மாதிரிகளுக்கு இன்னொரு மதிப்பும் உண்டு. ஒரு புதுமையை யோசித்தார்கள், செய்து பார்த்தார்கள், சரிவரவில்லை, கைவிட்டார்கள். அந்தத் தோல்வி எந்த விளம்பரத்திலும் இடம்பெறாது. அதற்கு இருக்கும் ஒரே சாட்சி, எண் கூடக் குத்தப்படாத அந்த ஃப்ரேம்தான்.

கல்கத்தா கப்பலில் செதுக்கிய மரத்துண்டு

டெக்ஸ் வில்லரையும் கேப்டன் டைகரையும் சிவகாசி அச்சில் படித்து வளர்ந்த தமிழ் வாசகர்களுக்கு 'கோல்ட்' என்ற பெயர் புதிதல்ல. அந்தப் பெயருக்குச் சொந்தக்காரரான சாமுவேல் கோல்ட்டின் கதையில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு.

1830-ல் பதினாறு வயதுப் பையனாக இருந்த கோல்ட், 'கார்வோ' என்ற கப்பலில் பாஸ்டன் துறைமுகத்திலிருந்து கல்கத்தாவுக்குப் புறப்பட்டார். அந்தப் பயணத்தில், கப்பலின் சுழல் இயந்திரம் ஒவ்வொரு கட்டமாக நகர்ந்து பூட்டிக்கொள்வதைப் பார்த்துத்தான் சுழலும் சிலிண்டர் யோசனை அவருக்கு வந்தது என்று சொல்வார்கள். அங்கேயே மரத்தில் ஒரு மாதிரியைச் செதுக்கினார். 1836 பிப்ரவரியில் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார்.

சுழல் துப்பாக்கியை முதன்முதலில் யோசித்தவர் கோல்ட் அல்ல. எலிஷா கோலியர் என்பவர் 1818-லேயே இங்கிலாந்தில் ஒரு சுழல் துப்பாக்கிக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் படையினரிடமும் அந்த வகைத் துப்பாக்கிகள் இருந்தன. கல்கத்தாவில் அவற்றில் ஒன்றை கோல்ட் பார்த்திருப்பாரா என்பது துப்பாக்கி வரலாற்றில் இன்றும் ஓயாத வாதம். 1851-ல் லண்டனில் பொறியாளர்கள் சங்கத்தில் கட்டுரை வாசித்தபோது, தனக்கு முன்பே செய்யப்பட்ட பழைய சுழல் துப்பாக்கிகளைப் பற்றி கோல்ட்டே விரிவாகப் பேசினார்.

கடலில் செதுக்கிய அந்த மர மாதிரி இன்று அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் உள்ள வாட்ஸ்வொர்த் அத்தீனியம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கோல்ட்டின் மனைவி எலிசபெத், கணவரின் சேகரிப்பை அங்கே சேரும்படி உயில் எழுதி வைத்தார். சுடவே முடியாத ஒரு மரத்துண்டு, உலகின் மிகப் பிரபலமான முதல் மாதிரிகளில் ஒன்றாகிவிட்டது.

எல்லா மாதிரிகளுக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. கோல்ட் இறந்து இரண்டே ஆண்டுகளில், 1864 பிப்ரவரியில், ஹார்ட்ஃபோர்டு தொழிற்சாலையின் பெரும்பகுதி தீக்கிரையானது. அந்தத் தீயிலிருந்து தப்பியவையும், பின்னாளில் செய்த சோதனை மாதிரிகளும் சேர்ந்த தொழிற்சாலைச் சேகரிப்பு 1957-ல் கனெக்டிகட் மாநில நூலகத்துக்கு வழங்கப்பட்டது. தனியார் கைகளுக்குப் போன துண்டுகளுக்குத்தான் சேகரிப்பாளர்களிடையே போட்டி.

பிரிட்டனில் இதற்கென்றே ஓர் அறை இருந்தது. ராணுவத்துக்குப் புதிய துப்பாக்கி ஒன்றை ஏற்றுக்கொண்டால், அதன் முதல் மாதிரிக்கு அரக்கு முத்திரை வைத்துப் பாதுகாப்பார்கள். இனி செய்யப்படும் ஒவ்வொன்றும் அதைப்போலவே இருக்க வேண்டும் என்பது விதி. என்ஃபீல்டில் இருந்த அந்த 'பேட்டர்ன் ரூம்' சேகரிப்பு இப்போது லீட்ஸ் நகரில், ராயல் ஆர்மரிஸ் பொறுப்பில் இருக்கிறது.

பித்தளை ஃப்ரேமும் போலி ஃப்ரேமும்

இந்த உலகில் விலை எவ்வளவு தூரம் போகும்? 1847-ல் சுமார் 1,100 மட்டுமே செய்யப்பட்ட 'வாக்கர் கோல்ட்' ரிவால்வர்களில் ஒன்று, 2018-ல் அமெரிக்காவில் 18.4 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. பில்லி தி கிட் என்ற கொள்ளைக்காரனைச் சுட்டுக்கொன்ற ரிவால்வர் 2021-ல் 60 லட்சம் டாலரைத் தாண்டியது. இவை முழுத் துப்பாக்கிகள். வெற்று ஃப்ரேம் அந்த உயரத்துக்குப் போவதில்லை. ஆனால் ஆய்வு நோக்கில் சேகரிப்பவர்களுக்கு மெருகேறிய நூறு துப்பாக்கிகள் சொல்லாத சேதியை ஒரே ஒரு கரடுமுரடான ஃப்ரேம் சொல்லிவிடும்.

அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்து ஃப்ரேம்கள் நல்ல உதாரணம். தென்மாநிலங்களில் எஃகுக்குத் தட்டுப்பாடு. ஜார்ஜியாவின் கிரிஸ்வோல்டு அண்டு கன்னிசன் தொழிற்சாலை, ஃப்ரேமைப் பித்தளையில் வார்த்தது. சுமார் 3,700 ரிவால்வர்கள் வெளிவந்த நிலையில், 1864 நவம்பரில் வடபகுதிப் படை வந்து தொழிற்சாலையைக் கொளுத்தியது. மஞ்சளாக மின்னும் அந்த ஃப்ரேமைப் பார்த்தாலே போதும், ஒரு நாடு எப்படித் தட்டுத்தடுமாறிப் போரிட்டது என்பது தெரிந்துவிடும்.

அரிய பொருள் இருக்கும் இடத்தில் போலியும் இருக்கும். இத்தாலியில் இன்றும் பழைய ரிவால்வர்களின் நகல்கள் சட்டபூர்வமாகவே தயாராகின்றன. அவற்றின் முத்திரையை அழித்து, துருவேற்றி, 'பழையது' என்று விற்கும் கில்லாடிகள் உண்டு. முதல் மாதிரிகளில் ஏமாற்றுவது இன்னும் சுலபம். எண் இல்லாததே அதன் அடையாளம் என்பதால், எண்ணை ராவி எடுத்துவிட்டு 'இது சோதனை மாதிரி' என்று சொல்லிவிடலாம். அதனால்தான் பொருளைவிட அதன் காகிதத்துக்கு மரியாதை. எந்தப் பொறியாளரிடமிருந்து யார் கைக்குப் போனது, எந்த ஏலப் பட்டியலில் வந்தது, தொழிற்சாலைப் பதிவேடு என்ன சொல்கிறது என்று பார்ப்பார்கள். கோல்ட், ஸ்மித் அண்டு வெஸ்ஸன் போன்ற நிறுவனங்களின் பதிவேடுகளிலிருந்து சான்றுக் கடிதம் வாங்கும் வசதியே இருக்கிறது. பூர்விகம் தெரியாத ஃப்ரேம், வெறும் இரும்பு.

பாதி முடிந்தது துப்பாக்கியா?

இரும்புத் துண்டு எந்தக் கட்டத்தில் துப்பாக்கி ஆகிறது? கேட்க வேடிக்கையாக இருந்தாலும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போன கேள்வி இது.

அமெரிக்காவின் 1968-ம் ஆண்டுச் சட்டப்படி, ஃப்ரேம் மட்டும் தனியாக இருந்தாலும் அது துப்பாக்கிதான். இதில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். 'இது இன்னும் ஃப்ரேமே ஆகவில்லை, எண்பது சதவிகித வேலைதான் முடிந்திருக்கிறது' என்று சொல்லி, எண் இல்லாத அரைகுறை ஃப்ரேம்களையும் பாகங்களையும் பெட்டியில் போட்டு விற்றார்கள். வாங்கியவர் வீட்டிலேயே மீதி வேலையை முடித்துக்கொள்வார். குற்றம் நடந்த இடத்தில் துப்பாக்கி கிடைத்தாலும் யாருடையது என்று தேட வழியில்லை. 'பேய்த் துப்பாக்கி' என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது.

2022-ல் அரசு இதற்குக் கடிவாளம் போட, வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2025 மார்ச்சில் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் அரசின் விதி செல்லும் என்று தீர்ப்பு வந்தது. தீர்ப்பை எழுதிய நீதிபதி கோர்சச், எழுதி முடிக்காத கையெழுத்துப் பிரதியையும் எழுத்தாளர் 'என் நாவல்' என்றுதானே சொல்வார் என்று உதாரணம் காட்டினார்.

சேகரிப்பாளர் நூறு ஆண்டுக்கு முந்தைய அரைகுறை ஃப்ரேமில் வரலாற்றைப் பார்க்கிறார். குற்றவாளி நேற்று செய்த அரைகுறை ஃப்ரேமில் வழியைப் பார்க்கிறான். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதுதான் சிக்கல்.

நம் ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது?

ஆயுதங்களை ஒப்படைக்கச் சொல்லும் உத்தரவு தென் தமிழகத்துக்குப் புதிதல்ல. மருது சகோதரர்களின் கிளர்ச்சியை ஒடுக்கியதும், 1801 டிசம்பரில் கிழக்கிந்தியக் கம்பெனி பாளையங்களின் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களைப் பறிக்கவும் பிரகடனம் வெளியிட்டது. 1878-ல் இந்தியா முழுவதற்கும் ஆயுதச் சட்டம் வந்தது. இப்போது நடைமுறையில் இருப்பது 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம்.

இந்தச் சட்டத்தில் 'துப்பாக்கி' என்ற சொல்லுக்கான விளக்கத்திலேயே, துப்பாக்கியின் பாகங்களும் அதைத் தயாரிக்கும் இயந்திரங்களும் அடக்கம். அதாவது குழல் இல்லை, சிலிண்டர் இல்லை, சுட முடியாது என்றெல்லாம் சொல்லி ரிவால்வர் ஃப்ரேமை ஷோகேஸில் வைத்துக்கொள்ள முடியாது. உரிமம் இல்லாமல் வைத்திருந்தால், 2019-ம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது 2 ஆண்டுகள், அதிகபட்சம் 5 ஆண்டுகள் சிறை. அரைகுறை ஃப்ரேமை லேத்தில் கொடுத்து 'முடித்துப் பார்க்கலாமே' என்று ஆசைப்பட்டால் அது உரிமமில்லாத் தயாரிப்பு. அதற்குக் குறைந்தது 7 ஆண்டுகள், ஆயுள் வரைகூடப் போகலாம். வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதற்கும் தனி உரிமம் வேண்டும்.

விதிவிலக்குகளும் உண்டு. வழக்கொழிந்த வகையாகவோ, தொன்மை மதிப்புள்ளதாகவோ, பழுதடைந்ததாகவோ இருந்து, பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடவே முடியாது என்றால், அந்த ஆயுதத்துக்குச் சட்டத்தின் 45-வது பிரிவு விலக்கு தருகிறது. மற்ற பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் எண்ணமில்லாத சிறு பாகங்களுக்கும் விலக்கு உண்டு. ஆனால் ஃப்ரேம் துப்பாக்கியின் உடம்பு. அதைச் சிறு பாகம் என்று வாதிடுவது கடினம். 'இனி சுடவே முடியாது' என்று முடிவு செய்யவேண்டியதும் வீட்டுக்காரர் அல்ல.

உரிமம் உள்ளவர்களுக்கும் 2019 திருத்தம் எல்லை போட்டது. முன்பு மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம், இப்போது இரண்டுதான். முதலில் மசோதாவில் ஒன்று என்றே இருந்தது. பரம்பரைத் துப்பாக்கிகளை என்ன செய்வது என்ற எதிர்ப்புக்குப் பிறகு இரண்டானது. தாத்தா வழி வந்தது என்றாலும் இந்தக் கணக்கில் சேரும். ஆக, வெளிநாட்டுப் பாணியில் சுவர் நிறைய ஃப்ரேம் மாட்டும் பொழுதுபோக்குக்கு இந்தியாவில் இடமே இல்லை.

பரணில் கிடைத்தால் என்ன செய்வது?

வேட்டைக்குப் போன தாத்தா, பட்டாளத்திலிருந்து வந்த பெரியப்பா, மிராசு வீட்டுப் பெட்டகம் என்று மதுரைச் சுற்றுவட்டாரத்துப் பழைய வீடுகளில் இரும்பு இருக்கத்தான் செய்யும். வீட்டை இடிக்கும்போதோ பாகப்பிரிவினையின்போதோ துருப்பிடித்த ரிவால்வர் கூடு ஒன்று கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பலரும் செய்யும் முதல் தவறு, கையில் பிடித்து போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவது. இரண்டாவது தவறு, பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போடுவது. மூன்றாவது, பயந்துபோய் கண்மாயில் வீசுவது. மூன்றுமே சிக்கலைத்தான் பெரிதாக்கும்.

- தேய்க்கவோ, எண்ணெய் போடவோ, பிரிக்கவோ வேண்டாம். எண்ணோ முத்திரையோ அழிந்தால் சந்தேகம் உங்கள் மேல் திரும்பும்.

- தாத்தாவின் பழைய உரிமப் புத்தகம், வாங்கிய ரசீது, பட்டாள ஆவணம் ஏதாவது இருக்கிறதா என்று அதே பெட்டியில் தேடுங்கள்.

- சட்டப்படி வைத்திருக்க உரிமையில்லாத ஆயுதத்தைத் தாமதிக்காமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற துப்பாக்கி விற்பனையாளரிடமோ ஒப்படைக்கச் சொல்கிறது சட்டத்தின் 21-வது பிரிவு. முதலில் வக்கீலைக் கலந்து, எழுத்து மூலமாகத் தகவல் சொல்லி ஒப்படைத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

- உரிமம் வைத்திருந்தவர் இறந்துவிட்டால், வாரிசுகள் தங்கள் பெயரில் உரிமம் கேட்டு விண்ணப்பிக்க 2016-ம் ஆண்டு விதிகளில் வழி இருக்கிறது. அலங்காநல்லூர் போன்ற ஊரகப் பகுதிகளுக்கு மாவட்ட ஆட்சியர் அலுவலகம், மாநகருக்குள் காவல் ஆணையர் அலுவலகம்.

- நூறு ஆண்டைக் கடந்த பொருள் என்றால் 1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டமும் குறுக்கே வரும். வெளிநாட்டு ஆசாமி எவ்வளவு டாலர் காட்டினாலும் தனியார் அதை ஏற்றுமதி செய்ய முடியாது.

தஞ்சாவூர் சொல்லும் பாடம்

ஒப்படைத்தால் உருக்கிவிடுவார்களே என்ற ஆதங்கம் நியாயமானது. தஞ்சாவூர் அரண்மனை ஆயுதசாலைக்கு நேர்ந்தது அதுதான். கடைசி மராட்டிய மன்னர் இரண்டாம் சிவாஜி 1855-ல் வாரிசின்றி இறந்தபின், தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த வாள்களும் ஈட்டிகளும் கட்டாரிகளும் குவியலாகக் கிடந்தன. தேர்ந்தெடுத்த சில சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. மீதியில் பெரும்பகுதி உடைக்கப்பட்டுப் பழைய இரும்பு விலைக்கு விற்கப்பட்டது. அதை நேரில் அறிந்த ஆங்கிலேய அதிகாரி வால்ஹவுஸ், 1878-ல் 'இந்தியன் ஆன்டிக்குவரி' இதழில் அதைப் பற்றி எழுதிவைத்தார். துப்பாக்கிகளை அடக்க ஆயுதச் சட்டம் வந்த அதே ஆண்டு அது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் இன்று நாம் பார்க்கும் தஞ்சாவூர் ஆயுதங்கள், யாரோ ஒருவர் 'இதை உருக்காதீர்கள்' என்று எடுத்து வைத்ததால் மிஞ்சியவை.

அதனால், ஒப்படைக்கும் கடிதத்திலேயே பொருளின் பூர்விகத்தை எழுதுவது முக்கியம். யாருடையது, எந்த ஆண்டுவாக்கில் வீட்டுக்கு வந்தது, என்ன எண், என்ன முத்திரை என்று எழுதி, அருங்காட்சியகத் துறைக்கும் ஒரு பிரதி அனுப்பலாம். வரலாற்று மதிப்பு இருக்கிறது என்று ஒருவருக்காவது தெரிந்தால்தான் அது உலைக்குப் போகாமல் தப்பும் வாய்ப்பு உண்டு.

துப்பாக்கி செய்யும் தொழில் நமக்குத் தூரமானதும் அல்ல. திருச்சியில் 1966 முதல் துப்பாக்கித் தொழிற்சாலை இயங்குகிறது. கான்பூரில் 2014-ல் பெண்களுக்கான 'நிர்பீக்' ரிவால்வரும், 2023-ல் 'பிரபல்' ரிவால்வரும் வெளிவந்தன. ஒவ்வொன்றுக்கும் முன்னால் சோதனை மாதிரிகள் இருந்திருக்கும். அவற்றில் சில பாதியில் கைவிடப்பட்டிருக்கும். இன்னும் நூறு ஆண்டு கழித்து இந்தியத் துப்பாக்கியின் கதையை எழுதப்போகிறவருக்கு அந்த அரைகுறை ஃப்ரேம்கள்தான் முதல் சாட்சி.

'சட்டம்' என்று நாம் ஜன்னலின் மரக்கூட்டையும் சொல்கிறோம், நீதிமன்றம் பார்ப்பதையும் சொல்கிறோம். ரிவால்வர் ஃப்ரேம் விஷயத்தில் முதல் சட்டத்தைக் கையில் எடுக்கும் முன், இரண்டாவது சட்டத்தைப் படித்துவிடுவது நல்லது.